வலையில் மூச்சடைக்கும் கடற்பசு

திருச்சுழி வழியே ஓடும் குண்டாற்றில் வெள்ளம் வருவது அபூர்வம். வந்தால் அது மன்னார் வளைகுடாவை நோக்கித்தான் போகிறது. அருப்புக்கோட்டைக் கரிசலில் வாழ்வோருக்கும் கடலோடு உறவு உண்டு! அந்தக் கடலிலும், வடக்கே பாக் விரிகுடாவிலும் புல் மேயும் விலங்கு ஒன்று இருக்கிறது. அதுவே கடற்பசு. மீனவர்கள் அதனை ஆவுளியா என்பர்.

கடற்பசு மீன் அன்று, பாலூட்டி. ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வளரக்கூடியது. கடலடியில் வளரும் கடற்புல்லே அதன் உணவு. நுரையீரலால் மூச்சுவிடுவதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. விசைப்படகின் இழுவலை ஒரு பெரிய பை போன்றது. அதை மணிக்கணக்கில் இழுத்துச் செல்வார்கள். உள்ளே அகப்பட்ட ஆவுளியா மேலே வர இயலாமல் மூச்சடைத்து இறக்கிறது. செவுள்வலையில் சிக்கினாலும் அதே கதிதான்.

சில உயிர்கள்தானே என்று எண்ணலாமா? கணக்கிட்டுப் பாருங்கள். கடற்பசு 3 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே ஒரு கன்றுதான் ஈனும். சூழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் தொகை ஆண்டுக்குச் சுமார் 5 விழுக்காடுதான் பெருகும். 100 கடற்பசுக்கள் உள்ள இடத்தில் ஆண்டுக்கு 7 வலையில் மடிந்தால், அந்தக் கூட்டம் தேய்ந்துகொண்டே போகும்.

இதைத் தடுப்பது எப்படி? வலைக்குள் சாய்வாக ஒரு கம்பித் தட்டியைப் பொருத்துவது ஒரு வழி. இறால் கம்பிகளின் இடையே புகுந்து பைக்குள் போய்விடும். பெரிய உயிர் தட்டியில் மோதி, அருகிலுள்ள திறப்பின் வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஆமைகளுக்காக இத்தகைய கருவியை உருவாக்கியது. நியூசிலாந்தில் கடற்சிங்கங்களைக் காக்கவும் இம்முறை பயன்படுகிறது. திறப்பின் வழியே மீனும் தப்பிவிடுமே என்ற கவலை மீனவருக்கு உண்டு. ஆகவே, தட்டியின் அமைப்பை அவர்களோடு சேர்ந்தே சோதித்துத் திருத்த வேண்டும்.

ஆனால், கடற்பசுவுக்கு இதைவிட முக்கியமானது மேய்ச்சல் நிலத்தை விட்டு வலையை விலக்கி வைப்பது. இழுவலை புல்லையும் வேரோடு பெயர்த்துவிடும் அல்லவா? தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுக்கிறது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் சுமார் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது வழி மீனவர் கையில் உள்ளது. கரைவலையிலோ செவுள்வலையிலோ உயிரோடு சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்தேனும் விடுவித்தவர்கள் பலர். வனத்துறை அவர்களைப் பாராட்டிப் பரிசளித்ததும் உண்டு. அறுந்த வலைக்கு ஈடு கிடைத்தால்தான் ஏழை மீனவரால் இதைத் தொடர்ந்து செய்ய முடியும்.

கடற்புல் வெளியில்தான் இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வளர்கின்றன. எனவே ஆவுளியாவின் மேய்ச்சல் நிலத்தைக் காப்பது, மீனவரின் நாளைய வலையை நிரப்புவதும் ஆகும்.