மெல்ல ஏற்றும் மின்சாரம்

அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில், 1959-இல் அறிமுகமான பிடிபி-1 என்னும் கணிப்பொறியைத் தன்னார்வப் பொறியாளர்கள் 2000-களில் செப்பனிட்டு மீண்டும் இயக்கினர். 1962-இல் அதற்கென ஸ்டீவ் ரசலும் தோழர்களும் எழுதிய விண்வெளிப் போர் விளையாட்டு அதன் வட்டத் திரையில் மறுபடியும் ஒளிர்ந்தது.

இத்தகைய பழம்பொறிகளை எடுத்தவுடன் மின்னிணைப்பில் மாட்டலாகாது. மின்வழங்கியின் மின்தேக்கிகளுக்குள் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. பல்லாண்டு மின்சாரம் பாயாவிடில் அது நலிந்துவிடும். முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகச் செலுத்தினால் மின்தேக்கி வெடிக்கவும் கூடும். சிறிது சிறிதாக உயர்த்தினாலோ, படலம் மீண்டும் உருவாகும். அதன் பின்னரே துளைநாடாக் கருவியையும் தட்டச்சையும் ஒவ்வொன்றாய்ச் சோதிப்பர்.

வண்டியூரில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுகையில், பாகப்பிரிவினையால் பேச்சற்றுப்போன உடன்பிறப்புகளை நாம் காண்கிறோம். சமாதானம் பேச அமர்ந்த முதல் நாளிலேயே பழங்கணக்குகள் அனைத்தையும் கொட்டுகின்றனர். மிஞ்சிய உறவும் கருகிவிடுகிறது. இன்று ஒரு நலவிசாரிப்பு, நாளை ஒருவேளை உணவு போதுமே! எம்மாவு வழியில் நம் ஆண்டவர் நெடுந்தூரம் உடன் நடந்தார். பின்னரே அப்பத்தைப் பிட்டார். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும், அன்பர்களே, முதல் வார்த்தையை நீங்களே பேசுவீர்களா?