அயல்மொழி வாசிப்புத் திறன் விவரிப்புகள்

அயல்மொழி வாசிப்புத் திறன் விவரிப்புகள் என்பவை, ஒரு மொழியைக் கற்பவர் குறிப்பிட்ட நிலையில் எத்தகைய பனுவல்களை, எந்த அளவிற்குப் படித்துப் புரிந்துகொள்ள இயலும் என்பதைக் கூறும் சிறு வாக்கியங்கள் ஆகும். இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை, ஐரோப்பியப் பேரவை 2001ஆம் ஆண்டு வெளியிட்ட மொழிகளுக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தில் உள்ளன. இச்சட்டகம் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. கோதே நிறுவனத்தின் ஜெர்மன் தேர்வுகளும், பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப், டால்ஃப் தேர்வுகளும் இந்நிலைகளின்படியே நடத்தப்படுகின்றன.

பல்கலைக்கழகச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, நுழைவிசைவு முதலியவற்றில் இந்நிலைகள் இன்று தகுதியாகக் கேட்கப்படுகின்றன. சான்றிதழில் இரண்டு எழுத்தாகத் தோன்றும் 'பி1', 'பி2' என்பவற்றின் பொருளை அறிய, அவற்றின் பின்னுள்ள விவரிப்புகளைப் பகுத்துப் பார்ப்பது தேவையாகிறது.

தோற்றம்

ஐரோப்பியப் பேரவை 1975இல் ஆங்கிலத்திற்கு 'வாயில் நிலை' என்னும் பொருள்படும் கற்றல் இலக்கை வெளியிட்டது. அன்றாட வாழ்வில் தனித்து இயங்குவதற்கு வேண்டிய மொழியளவை அது வரையறுத்தது. பின்னர் 1991இல் சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிகோன் நகரில் நடைபெற்ற கருத்தரங்கு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒரு சட்டகம் தேவை எனப் பரிந்துரைத்தது.

விவரிப்புகளை வரிசைப்படுத்தும் பணி 1993 முதல் 1996 வரை சுவிட்சர்லாந்தில் நடைபெற்றது. பிரையன் நார்த், குந்தர் ஷ்னைடர் ஆகியோர் இதில் முதன்மைப் பங்காற்றினர். ஏறத்தாழ 300 ஆசிரியர்கள், சுமார் 2,800 கற்போரின் திறனை இவ்வாக்கியங்களைக் கொண்டு மதிப்பிட்டனர். அம்மதிப்பீடுகள் ராஷ் மாதிரி எனப்படும் புள்ளியியல் முறையால் அளவுகோலாக்கப்பட்டன. எனவே, ஒரு வாக்கியம் பி1இல் உள்ளதா, பி2இல் உள்ளதா என்பது பெரிதும் ஆசிரியர்கள் கண்ட கடினத்தைப் பொறுத்தது. வாசிப்பு மனத்தில் எவ்வாறு படிப்படியாக வளர்கிறது என்னும் கோட்பாட்டிலிருந்து அவ்வரிசை பெறப்படவில்லை.

சட்டகத்தின் துணைத் தொகுதி 2018இல் முதல் வடிவிலும் 2020இல் இறுதி வடிவிலும் வெளிவந்தது. ஏ1க்கு முந்தைய நிலையும், பொழுதுபோக்கு வாசிப்புக்கான தனி அளவுகோலும் அதில் சேர்க்கப்பட்டன.

நிலைகளின் சுருக்கம்

ஏ1: பழகிய பெயர்களையும் சொற்களையும் மிக எளிய தொடர்களையும் அறிவிப்புப் பலகை, சுவரொட்டி போன்றவற்றில் இனங்காணுதல்.

ஏ2: விளம்பரம், உணவுப் பட்டியல், கால அட்டவணை போன்ற அன்றாடப் பனுவல்களில் எதிர்பார்க்கத்தக்க செய்தியைத் தேடிக் கண்டறிதல்.

பி1: தமக்கு ஈடுபாடுள்ள துறையைப் பற்றி நேரடி நடையில் எழுதப்பட்ட செய்திப் பனுவல்களைப் போதிய அளவு புரிந்துகொள்ளுதல்.

பி2: சமகாலச் சிக்கல்கள் பற்றிய கட்டுரைகளில் எழுதியவரின் நிலைப்பாட்டை உணர்தல், நோக்கத்திற்கேற்ப வாசிப்பு வேகத்தை மாற்றிக்கொள்ளுதல்.

சி1: தம் துறைக்கு வெளியே உள்ளவை உட்பட, நீண்ட, சிக்கலான பனுவல்களை நுணுக்கமாகப் புரிந்துகொள்ளுதல்; நடை வேறுபாடுகளை உணர்தல்.

சி2: ஏறத்தாழ எல்லா வகை எழுத்தையும் எளிதாகப் படித்து, வெளிப்படையான பொருளோடு மறைபொருளையும் உணர்தல்.

விவரிப்பின் நான்கு கூறுகள்

விவரிப்புகளை ஆராயும்போது ஒவ்வொன்றிலும் நான்கு கூறுகளைத் தேடலாம். அவை படிக்கப்படும் பனுவல், படிப்பதன் நோக்கம், படிப்பவர் செய்யும் செயல், அதற்கான நிபந்தனை என்பன. ஏ2இன் கால அட்டவணை வாசிப்பில் பனுவல் கால அட்டவணை, நோக்கம் பயணம், செயல் தேடிக் கண்டறிதல், தேடும் செய்தி முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடியதாக இருத்தல் நிபந்தனை.

நிலை உயரும்போது இந்நான்கும் ஒரே சீராக மாறுவதில்லை. 2001ஆம் ஆண்டுச் சட்டகத்தின் கடித வாசிப்பு அளவுகோல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏ1இல் அஞ்சலட்டையின் சிறு செய்தி இடம்பெறுகிறது. ஏ2இல் குறுகிய, எளிய தனிக்கடிதம் வருகிறது. பி1இல் கடிதத்தில் விவரிக்கப்படும் நிகழ்வு, உணர்வு, விருப்பம் ஆகியவற்றை, தொடர்ந்து கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளும் அளவிற்குப் புரிந்துகொள்ள வேண்டும். பி2இல் தம் துறை சார்ந்த கடிதங்களின் சாரத்தை விரைந்து பற்ற வேண்டும். சி1இல் எந்தக் கடிதத்தையும் படிக்கலாம். எப்போதாவது அகராதியைப் பார்ப்பதற்கு இடமுண்டு. ஏ1 முதல் ஏ2 வரை பெரிதும் மாறுவது பனுவலின் அளவு. பி1இல் உள்ளடக்கமும், பி2இல் வேகமும், சி1இல் பொருட்பரப்பும் மாறுகின்றன.

மீண்டும் படித்தல் என்னும் நிபந்தனையும் கவனிக்கத்தக்கது. ஏ1இல் தேவையான போதெல்லாம் மீண்டும் படிக்கலாம். சி1இலும் கடினமான பகுதிகளை மீண்டும் படிக்க இடமுண்டு. ஆகவே ஒரு பகுதியை இருமுறை படிப்பது மட்டுமே தாழ்ந்த நிலையின் அடையாளமாகாது. எதை மீண்டும் படிக்க நேர்கிறது என்பதே வேறுபாட்டைக் காட்டுகிறது.

பி1, பி2 இடைவெளி

கற்போர் பலர் பி1இலிருந்து பி2க்குச் செல்வதைக் கூடுதல் சொற்களைக் கற்பதாக மட்டுமே எண்ணுகின்றனர். சொல்வளம் தேவையே; பி2 விவரிப்பு பரந்த சொல்வளத்தை வெளிப்படையாகக் கோருகிறது. ஆனால் செயலும் மாறுகிறது. பி1இல் முதன்மையானது பனுவல் என்ன சொல்கிறது என்பது. பி2இல் அதைச் சொல்பவர் எந்தப் பக்கம் நின்று சொல்கிறார் என்பதும் சேர்கிறது. ஒரு நகரில் மகிழுந்துகளுக்குத் தடை விதிக்கும் திட்டம் பற்றிய கட்டுரையில், தடை எப்போது தொடங்குகிறது என்பதை பி1 வாசகர் கண்டறிவார். 'ஒருவேளை', 'எனினும்' போன்ற சொற்களின் வழியாகக் கட்டுரையாளர் காட்டும் ஐயத்தை பி2 வாசகர் உணர்வார்.

குறைபாடுகள்

'குறுகிய', 'எளிய', 'பழகிய' ஆகிய சொற்கள் விவரிப்புகளில் அடிக்கடி வருகின்றன. ஆனால் எத்தனை சொற்கள் கொண்டது குறுகிய பனுவல், எந்தத் தொடரமைப்பு எளியது என்பவை வரையறுக்கப்படவில்லை. சார்லஸ் ஆல்டர்சன் தலைமையிலான குழு, வாசிப்பு, கேட்டல் தேர்வுகளைச் சட்டகத்தோடு ஒப்பிட முயன்று 2006இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சுட்டிக்காட்டியது. ஒத்த பொருளுடைய வினைச்சொற்கள் சீரின்றிப் பயன்படுத்தப்படுவதையும், ஒரு நிலையில் கூறப்படும் கூறு அடுத்த நிலையில் விடுபடுவதையும் அக்குழு குறிப்பிட்டது. இதனால் இரு தேர்வுகள் ஒரே நிலையின் பெயரைத் தாங்கினாலும், அவற்றின் வாசிப்புப் பகுதிகள் சமமான கடினம் உடையவை எனக் கொள்ள இயலாது.

இரண்டாவது சிக்கல் எழுத்து முறை. ஆங்கிலம் அறிந்த ஒருவர் ஜெர்மன் பலகையில் 'ஹோட்டல்', 'டெலிஃபோன்' என்பவற்றை முதல் நாளே படித்துவிடுவார். ஜப்பானிய மொழி கற்பவர் 'ஹோட்டல்' என்னும் சொல்லைப் படிக்கவும் முதலில் கட்டகனா எழுத்துகளைக் கற்க வேண்டும். எழுத்தறிவு பெறாத புலம்பெயர்ந்தோருக்கு இந்த இடைவெளி இன்னும் பெரியது. அவர்களுக்கென ஐரோப்பியப் பேரவை 2022இல் தனி வழிகாட்டியை வெளியிட்டது.

மூன்றாவதாக, ஒருவரின் திறன் எல்லாப் பனுவல்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. தம் துறையின் ஆய்வுக் கட்டுரையை நன்கு படிக்கும் பொறியாளர், அதே மொழியில் எழுதப்பட்ட வாடகை ஒப்பந்தத்தில் தடுமாறலாம். ஒற்றை நிலைப்பெயர் இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுகிறது.

பிற அளவுகோல்கள்

அமெரிக்க அரசுத் துறைகள் 0 முதல் 5 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்க அயல்மொழி ஆசிரியர் அமைப்பான ஆக்ட்ஃபல், 2012ஆம் ஆண்டு வழிகாட்டியில் வாசிப்பை ஐந்து முதன்மை நிலைகளாகப் பகுத்துள்ளது.

பயன்பாடு

விவரிப்புகள் தேர்வு வினாக்கள் அல்ல. கற்றலின் திசையைக் காட்டும் குறிப்புகள். கற்பவர் ஒருவர் தம் நிலையை மதிப்பிடும்போது, விவரிப்பு முழுவதற்கும் 'முடியும்' என ஒரே விடை தருவதைவிட, எந்தப் பனுவலை, எதற்காக, எவ்வளவு நேரத்தில், எந்த உதவியோடு படிக்க முடிகிறது எனப் பிரித்துப் பார்ப்பது பயன்தரும். அகராதியோடு புரிகிறது, அகராதியின்றிப் புரியவில்லை எனத் தெரிந்தால் சொல்வளத்தில் கவனம் செலுத்தலாம். சொற்கள் தெரிந்தும் எழுதியவரின் நிலைப்பாடு பிடிபடவில்லை என்றால், கருத்துக் கட்டுரைகளைக் கூடுதலாகப் படிப்பது பொருந்தும். இரண்டு குறைகளுக்கும் சான்றிதழில் கிடைப்பது ஒரே நிலைப்பெயராக இருக்கலாம். அவற்றுக்கு வேண்டிய பயிற்சி வேறு வேறு.