நிரூபிக்க வேண்டியது யார்?

ஒரு கிலோ தோலைப் பதனிட 35 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். குரோம் முறை என்றால் ஏறத்தாழ 170 வகை ரசாயனங்களும் சேரும். வேலை முடிந்த பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதை பாலாற்றங்கரையிலுள்ள வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் போதும், கிணற்றைக் காட்டுவார்கள். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கிட்டிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது, காற்றுக்கு 1981இல். போபால் விஷவாயுவுக்குப் பிறகு, 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் கழிவுநீரை வெளியே விடக் கூடாது. இசைவாணை ஒரு பக்கம் இருந்தது, கழிவுநீர் மறுபக்கம் ஓடியது.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தோல் ஆலைகளின் கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரியது வேறொன்று. ஆலையால் கேடு வந்தது என்று விவசாயி நிரூபிக்கத் தேவையில்லை. தன் தொழிலால் கேடில்லை என்று ஆலைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ஆய்வகமும் வக்கீலும் வைத்துக்கொள்ள வசதி யாருக்கு உண்டு என்று யோசித்தால், இந்த மாற்றத்தின் கனம் புரியும். தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விழுந்தது. அந்தத் தொகை அன்றைக்கே சில்லறைதான்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்தன. அவையும் காப்பாற்றிவிடவில்லை. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் அப்படியொரு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, இரவில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இன்று பாதிக்கப்பட்டவர் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் இழப்பீடு கேட்கலாம். ஆனால் இழப்பீட்டுக்கான காரணம் முதலில் எழுந்து ஐந்து ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். நிலத்தடி நீர் மெல்லத்தான் கெடும் என்பதால் இந்தக் கெடு என்னை உறுத்துகிறது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசுக்கு வந்தது. சேதம் சரியாகும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது, இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. இதுவரை எவ்வளவு வசூலானது என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம்.