பாளயத்துக்குப் புறம்பே: நோய்த்தனிமையும் ஆயர்பணியும்

நோயுற்றோரைச் சந்தித்தல் ஆயர்பணியின் இன்றியமையாத பகுதி என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், சந்திப்பதே பிறருக்குத் தீங்காய் முடியக்கூடிய காலத்தில் அப்பணியை எங்ஙனம் ஆற்றுவது? 2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயை உலகம் தழுவிய கொள்ளைநோய் என்று அறிவித்த நாள்முதல், இவ்வினா வகுப்பறை அளவில் நில்லாது நம் ஒவ்வொருவர் வாசலிலும் வந்து நின்றது. 2023 மே 5 அன்று உலகளாவிய அவசரநிலை முடிவுற்றதாக அந்நிறுவனம் கூறிவிட்டது. வினாவோ முடிவுறவில்லை. அச்சம் தணிந்துள்ள இக்காலமே அதனை ஆராய்வதற்கு ஏற்ற காலமாகும்.

1. தனிமையின் நோக்கம்

நோயாளரைத் தனிமைப்படுத்துவதை அன்பின்மை எனக் கருதுவது தவறு. இந்நோய்க் கிருமி பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் வழியாகவும், அடைபட்ட அறையின் காற்று வழியாகவும் பரவுகிறது. அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே ஒருவர் அதைப் பிறருக்குப் பரப்பக்கூடும். ஆகவே விலகி நிற்பதும் பிறனை நேசிக்கும் ஒரு வழியே.

1527இல் விற்றன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது லூத்தர் ஊரை விட்டு ஓடவில்லை. எனினும், பிரெஸ்லாவ் நகரப் போதகர்களுக்கு விடையாக எழுதிய கடிதத்தில், தேவையற்ற இடங்களுக்குச் சென்று பிறருக்கு நோயைக் கொண்டுசெல்வதைத் தாம் தவிர்ப்பதாகவும், அயலானுக்குத் தம் துணை தேவைப்படின் அஞ்சாது செல்வதாகவும் குறிப்பிட்டார். எச்சரிக்கையும் கடமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அவருடைய கருத்து.

2. திருமறையின் சான்று

லேவியராகமம் 13ஆம், 14ஆம் அதிகாரங்களை இங்கு நாம் கவனமாய்ப் படித்தல் வேண்டும். அங்குக் கூறப்படும் ‘சாராத்’ என்பது இக்காலத் தொழுநோய் அன்று. ஆடையிலும் வீட்டுச் சுவரிலும்கூட அது தோன்றுவதாகச் சொல்லப்படுகிறது. அச்சட்டம் மருத்துவ விதியாக அல்ல, வழிபாட்டுத் தூய்மை பற்றிய விதியாகவே அமைந்தது. எனவே அதை இன்றைய நோய்த்தடுப்புக்கு நேரடி ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது.

ஆயினும் அதில் ஒன்று நோக்கத்தக்கது. தீட்டுடையவன் பாளயத்துக்குப் புறம்பே தங்க வேண்டும். ஆனால் அவனைச் சோதிக்க ஆசாரியன் பாளயத்தை விட்டு வெளியே செல்ல வேண்டும் (14:3). வெளியேற்றும் சட்டமே வெளியே செல்லும் கடமையையும் விதிக்கிறது. எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தில் மிரியாம் ஏழுநாள் புறம்பே விலக்கப்பட்டாள். அவள் திரும்பச் சேர்க்கப்படும்வரை மக்கள் பயணப்படவில்லை. ஒருத்திக்காக ஒரு முழுச் சமுதாயமும் காத்திருந்தது! தனிமைப்படுத்தலுக்கும் ஒதுக்கிவைத்தலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் ஆண்டவர் தொழுநோயாளனைத் தொட்டார் (மாற்கு 1:41). ஆனால் அரச அலுவலரின் மகனைத் தொலைவிலிருந்தே வார்த்தையினால் சுகப்படுத்தினார் (யோவான் 4:46-54). ஆதலால் தொடமுடியாத இடத்தில் ஆயர்பணி இல்லையென்று நாம் சொல்ல இயலாது.

3. ஓர் அனுபவம்

2020 ஆகஸ்டில் நானும் இந்நோய்க்கு ஆளாகிப் பதினொரு நாள் மருத்துவமனையின் தனிப்பிரிவில் இருந்தேன். கவச உடை அணிந்து வந்த செவிலியரின் கண்கள் மட்டுமே தெரிந்தன. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தபோது, நுரையீரலின் பின்பகுதி விரிவதற்காகக் கவிழ்ந்து படுக்கச் சொன்னார்கள். மணிக்கணக்காகத் தரையை மட்டுமே பார்த்திருந்தேன்.

அடுத்த கட்டிலில் ஒரு முதியவர் இருந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். அவருடைய மகனை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். நான்காம் நாள் இரவு முதியவருக்கு மூச்சுத்திணறல் மிகுந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே நோய். ஆகையால் நான் அவரருகே செல்வதற்குத் தடை இருக்கவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். அவர் தம் மகனின் பெயரைச் சொன்னார். நானும் அதைத் திரும்பச் சொன்னேன். வேறொன்றும் பேசவில்லை. விடியுமுன் அவர் காலமானார்.

அவ்விரவில் மற்றொரு நினைவு என்னை வாட்டியது. இரண்டு திங்களுக்கு முன் என் சபையின் மூதாட்டி ஒருவர் இத்தகைய தனிப்பிரிவில் ஒன்பது நாள் இருந்து மரித்தார். உள்ளே செல்ல அனுமதியில்லை என்று அறிந்தபோது, உண்மையைச் சொன்னால், என் மனம் ஆறுதலே அடைந்தது. ஒருமுறை தொலைபேசியில் பேசினேன். அதற்குமேல் விதியின் பின்னே ஒளிந்துகொண்டேன். விதி என்னை வாசலில் நிறுத்தியது மெய்தான். ஆனால் பேசாதிரு என்று அது சொல்லவில்லை.

4. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, நாள்தோறும் குறித்த வேளையில் நோயாளரைத் தொலைபேசியில் அழைத்தல் வேண்டும். குறித்த வேளை என்பது முக்கியம். தனிமையில் கிடப்பவர் அந்த ஒரு மணியை எதிர்நோக்கியே பகலைக் கழிப்பார். மூச்சுவிட வருந்துகிறவரை நீளப் பேசவைத்தலாகாது. ஆம், இல்லை என்னும் அளவில் விடைகூறத்தக்க கேள்விகளும் சுருக்கமான ஜெபமும் போதும்.

இரண்டாவது, வாசலில் நிற்கும் குடும்பத்தாரை மறவாதிருத்தல். அவர்களும் பாளயத்துக்குப் புறம்பேதான் நிற்கிறார்கள்.

மூன்றாவது, அதே பிரிவிலுள்ள விசுவாசிகளைப் பணிக்கு ஆயத்தப்படுத்துதல். ஆயர் நுழைய முடியாத இடத்தில் சக நோயாளரே நுழைந்திருக்கிறார். எல்லா விசுவாசிகளும் ஆசாரியர் என்று நாம் கற்பிக்கும் போதனை அங்கே சோதிக்கப்படுகிறது.

நான்காவது, குணமடைந்து வருவோரைச் சபை வெளிப்படையாக வரவேற்றல். லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தின் முற்பகுதி திரும்பச் சேர்த்தலைப் பற்றியதே. நோய் நீங்கியபின்னும் அண்டை வீட்டாரால் விலக்கப்பட்டவர்களை 2020இல் நாம் கண்டோம்; அவர்கள் அருகில் அமர நம் ஆலயங்களிலும் சிலர் தயங்கினர்.

முடிவுரை

இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டதால் நாமும் புறப்பட்டு அவரிடம் செல்ல வேண்டும் என்று எபிரெயர் நிருபம் அழைக்கிறது (13:12-13). புறம்பே செல்லும்போது நாம் அவரை அங்குக் கொண்டுசெல்லவில்லை; அவர் முன்னமே அங்கிருக்கிறார். இதை நான் விரிவுரை மேடையில் பலமுறை கூறியதுண்டு. கற்றதோ அம்முதியவரின் கட்டிலருகே. அந்த மூதாட்டிக்கு நான் செய்யத் தவறியதை இனித் திருத்த இயலாது. நம் மாணவர்கள் அத்தவற்றைச் செய்யாதிருப்பார்களாக.