இருபது அஞ்சலட்டைகளும் ஒரு கிணறும்

நான் ஐந்தாவது படிக்கும்போது வீட்டுக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. எங்கோ ஒரு அம்மன் கோயிலில் பாம்பு வந்து பூசாரியிடம் பேசியதாம். இந்தச் செய்தியை ஏழு நாளுக்குள் இருபது பேருக்கு எழுதிப்போட்டால் நினைத்தது நடக்கும், அலட்சியம் செய்தால் வீட்டில் ஒரு உயிர் போகும். உதாரணங்களும் இருந்தன. ஒருவர் எழுதிப்போட்டாராம், லாட்டரி விழுந்ததாம். இன்னொருவர் கிழித்துப்போட்டாராம், மகனைப் பறிகொடுத்தாராம். 80களில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அட்டையாகப் பார்க்காதவர்கள் மஞ்சள் பிட் நோட்டீஸாகவாவது பார்த்திருப்பீர்கள்.

மற்ற நாளாக இருந்தால் அம்மா அதை அடுப்பில் போட்டிருப்பார். ஆனால் அப்பா அப்போது டைபாய்டு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "எதுக்கும் எழுதிடுவோம்டா, உன் கையெழுத்து நல்லாருக்கும்" என்று இருபது அட்டை வாங்கிவரச் சொன்னார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். அந்த அட்டைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இடையில் நான் இருபது வருடமாகப் பார்த்துவரும் பேய்ப் படங்களையும் தொடர்களையும் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். முடிவுகளையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஹிடியோ நகாதா இயக்கிய ஜப்பானியப் படம் 'ரிங்கு'. 1998இல் வந்தது. கோஜி சுசுகி 1991இல் எழுதிய நாவல்தான் மூலம். ஒரு வீடியோ கேசட். அதைப் பார்த்து முடித்ததும் போன் அடிக்கும். ஏழு நாளில் சாவு. ரெய்கோ என்ற பெண் நிருபர் அதைத் தேடிப்போய்த் தானும் பார்த்துவிடுகிறார். முன்னாள் கணவர் ரியூஜியிடம் உதவி கேட்கிறார், அவரும் பார்க்கிறார். நடுவில் அவர்களுடைய சின்னப் பையனும் பார்த்துத் தொலைக்கிறான். கேசட்டின் பின்னால் இருப்பவள் சதாகோ, பல வருடம் முன்பு கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்டவள். கெடு முடிவதற்குள் இருவரும் கிணற்றைக் கண்டுபிடித்து, நீரை இறைத்து, அவளுடைய மிச்சத்தை எடுத்துவிடுகிறார்கள். ரெய்கோவின் நேரம் கடந்துபோகிறது. சாகவில்லை. அப்பாடா என்று நாமும் மூச்சு விடுகிறோம். கதையில் வரும் ஆவிக்குச் சாந்தி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நாமெல்லாம் படித்து வளர்ந்தோம்?

மறுநாள் ரியூஜியின் வீட்டில் டிவி தானாக ஓட ஆரம்பிக்கிறது. கிணற்றிலிருந்து ஏறி வரும் சதாகோ, டிவி திரையைத் தாண்டி அறைக்குள்ளேயே வந்துவிடுகிறாள். முகம் முழுக்க முடி. ஒரு வார்த்தை பேசுவதில்லை. படத்தில் அவள் இப்படி நம் கண் முன்னால் வருவது சில நிமிடங்கள்தான். நடித்த ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்து, அந்தப் படச்சுருளைத் தலைகீழாக ஓட்டியதால்தான் அந்த நடை அப்படிக் கோணல்மாணலாக இருக்கிறது.

நான் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவன். எனக்கு இந்தப் படம் பிடித்ததற்கு முதல் காரணம் அடுத்து வரும் காட்சி. ரெய்கோ உட்கார்ந்து யோசிக்கிறார். இரண்டு பேரும் கேசட்டைப் பார்த்தோம். இரண்டு பேரும் கிணற்றில் வேலை செய்தோம். நான் பிழைத்தேன், அவர் செத்தார். அப்படியானால் நான் செய்து அவர் செய்யாதது என்ன? ஒன்றே ஒன்றுதான். ரெய்கோ அந்தக் கேசட்டை நகலெடுத்து இன்னொருவருக்குக் காட்டியிருந்தார். கிணறு, எலும்பு, சாந்தி எதற்கும் சம்பந்தமே இல்லை. ஆபீசில் இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஏதோ ஒன்றை மாற்றுவோம், பிழை போய்விடும், அதனால்தான் போனது என்று நினைத்து வீட்டுக்குப் போவோம். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும்.

ஆக, சதாகோவின் விதி எங்கள் வீட்டுக்கு வந்த அஞ்சலட்டையின் விதியேதான். நகலெடு, அடுத்தவனிடம் தள்ளு, பிழைத்துக்கொள். நாவலில் இது இன்னும் வெளிப்படை. தப்பிக்கும் வழி கேசட்டின் கடைசியிலேயே இருந்தது. விளையாட்டுத்தனமாக யாரோ அதன்மேல் வேறு எதையோ பதிவு செய்து அழித்துவிட்டார்கள். சாபத்தை ஒரு வைரஸ் பரவுவதுபோலவே சுசுகி எழுதியிருப்பார்.

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பேய்க் கதையில் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போவது கதை இல்லை, முகமும் இல்லை. விதி. ஒரே மூச்சில் அடுத்தவனிடம் சொல்லிவிடக்கூடிய விதி எந்தப் பேய்க்கு இருக்கிறதோ அது பிழைக்கும். மற்றவை ஒரு தீபாவளியோடு சரி.

டிராகுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழிந்துவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறார். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். அவர் கதை முடிவது இரண்டு கத்திகளால். அதில் ஒன்று நம் பக்கத்து கூர்க்கா குக்ரி! வெயிலில் அழியும் விதியைப் பரப்பியது முர்னாவ் 1922இல் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படம். ஸ்டோக்கர் குடும்பத்திடம் அனுமதி வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லி 1925இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குள் பிரதிகள் ஊர் தாண்டியிருந்தன. நீதிமன்றமே கொல்லச் சொன்ன பேய், நகலெடுக்கப்பட்டதால் பிழைத்தது. சதாகோவுக்கு மூத்த அக்கா என்று சொல்லலாம்.

அடுத்தது ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', 1968. பென்சில்வேனியாவில் சொற்பப் பணத்தில், கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். செத்தவர்கள் எழுந்து வருவார்கள், மனிதரைத் தின்பார்கள், தலையில் சுட்டால்தான் அடங்குவார்கள். இன்று நாம் ஸோம்பி என்று சொல்வதற்கான முழு விதிப்புத்தகமும் இதில் இருக்கிறது, ஸோம்பி என்ற சொல் மட்டும் படத்தில் இல்லை. வெளியிடும் நேரத்தில் படத்தின் பெயரை மாற்றினார்கள். பழைய பெயர் அட்டையில் இருந்த காப்புரிமை அறிவிப்பு புதிய அட்டையில் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லை என்றால் உரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், விற்கலாம், டிவியில் போடலாம் என்று ஆனது. ரொமேரோவுக்குப் பெரிய நஷ்டம். ஆனால் அவருடைய பிணங்கள் உலகம் முழுக்க நடந்தன.

அந்தப் படத்தில் எனக்கு மறக்கமுடியாத பாத்திரம் பென். டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் செய்தது. வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களில் நிதானமாக வேலை பார்ப்பவர் அவர்தான். ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடித்து, விடிந்ததும் காப்பாற்ற வந்த கூட்டம் அவரையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. தலையில். பேயைக் கொல்லும் விதி மனிதனையும் கொன்றுவிடுகிறது. 1968இன் அமெரிக்காவில் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பேய்ப் படமாக இருந்திருக்காது.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். 'டாக்டர் ஹூ' தொடரில் 2007இல் வந்த 'பிளிங்க்' என்ற பகுதியைத்தான் யார் கேட்டாலும் முதலில் பார்க்கச் சொல்வேன். அதில் டாக்டரே கொஞ்ச நேரம்தான் வருவார். முழுக்க சாலி ஸ்பாரோ என்ற பெண்ணின் கதை. எதிரிகள் அழும் தேவதைச் சிலைகள். பார்த்துக்கொண்டே இருந்தால் கல். இமைத்தால் பக்கத்தில் வந்துவிடும். இதைவிடச் சுருக்கமான விதி எனக்குத் தெரிந்து கிடையாது. பார்த்துவிட்டு என் மகளும் அவள் சிநேகிதிகளும் மொட்டை மாடியில் இதையே விளையாட்டாக ஆடினார்கள்.

2010இல் அந்தச் சிலைகள் திரும்ப வந்தபோது புது விதிகள் சேர்த்தார்கள். தேவதையின் உருவம் எதில் இருக்கிறதோ அதுவும் தேவதையாகிவிடும் என்றார்கள். ஒரு வீடியோ பதிவிலிருந்தே சிலை வெளியே வரும். சதாகோவின் வேலைதான், நன்றாகவே இருந்தது. ஆனால் அதோடு நிறுத்தாமல், சிலை தலையைத் திருப்புவதை நமக்கே காட்டிவிட்டார்கள். நாம் பார்க்கும்போது அசையாது என்பதுதானே ஒப்பந்தம்? அங்கே எனக்குப் பயம் போய்விட்டது. விதியை ரெய்கோபோலத் தப்பாகப் புரிந்துகொள்ள வைக்கலாம், அது திறமை. நடுவில் மாற்றுவது ஏமாற்று.

நம்ம ஊரில் 90களின் கடைசியில் சன் டிவியில் நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விடாது கருப்பு' இதே காரணத்தால்தான் நின்றது என்பேன். தப்புச் செய்தால் கருப்பு குதிரையில் வந்து தண்டிக்கும். முடிந்தது. கடைசியில் மனநோய் சார்ந்த விளக்கம் கொடுத்தார்கள், நன்றாகவும் கொடுத்தார்கள். ஆனால் அந்த விளக்கம் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? குளம்புச் சத்தம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அந்த விதி பார்ப்பவனைக் கேள்வி கேட்டது: நீ என்ன தப்பு செய்தாய்?

சதாகோவின் விதி கேட்பது வேறு கேள்வி. அதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். 2003இல், முதல் வேலை, திருவல்லிக்கேணி மேன்ஷன். இந்தக் கதையின் அமெரிக்கப் பதிப்பை யாரோ எழுதிக்கொடுத்த சிடியில் பார்த்தேன். அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் முதல் வேலையாக இன்னொரு சிடி எழுதிப் பக்கத்து அறை நண்பனிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத்தான் உறைத்தது, படம் சொன்னதை அப்படியே செய்திருக்கிறேன்!

ஜப்பானியப் படத்தின் கடைசிக் காட்சி இதுதான். பையனின் ஏழு நாள் முடியப்போகிறது. ரெய்கோ வீடியோ டெக்கைக் காரில் வைத்துக்கொண்டு தன் அப்பாவுக்குப் போன் செய்கிறார். "யோய்ச்சிக்காக ஒரு உதவி வேண்டும்" என்கிறார். கார் நெடுஞ்சாலையில் போகிறது, படம் முடிகிறது. சதாகோ டிவியிலிருந்து வரும் காட்சியைவிட எனக்கு இதுதான் அடிவயிற்றைக் கலக்குகிறது. தாத்தா யாரிடம் காட்டுவார்? அவர் யாரிடம்? அந்த விதி உன் பாவத்தைக் கேட்பதில்லை. உன் பிள்ளை பிழைக்க யாரைக் கைகாட்டுவாய் என்று கேட்கிறது.

அம்மா அன்று மாட்டிக்கொண்டது இதே கேள்வியில்தான். அட்டையின் பின்பக்கம் எழுதி முடித்துவிட்டேன், விலாசம் மட்டும் பாக்கி. "பெரியம்மாவுக்குப் போடலாமா?" "வேணாம்டா, அவளே கஷ்டத்துல இருக்கா." "மாமா?" "அத்தை மாசமா இருக்கா." "எங்க டீச்சர்?" அம்மா பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல ஒரு காரணம் வந்தது. கடைசியில் இருபது அட்டையையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொன்றாக உண்டியலில் போடச் சொன்னார். "அவ பேரைச் சொல்லித்தானே வந்துச்சு, அவளே பாத்துக்கட்டும். நாம ஏன் அடுத்தவங்க வீட்டுக்குப் பயத்தை அனுப்பணும்?"

அப்பா பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். அது மருந்தால் வந்தது. ஆனால் இருபது வீடுகளில் அந்த வாரம் யாரும் விலாசம் தேடிக்கொண்டு உட்காரவில்லை. அது அம்மாவால் வந்தது.

போன மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு மகள் போனும் கையுமாக வந்து நின்றாள். ஏதோ ஒரு சிறுமியின் படம், பதினைந்து பேருக்கு அனுப்பாவிட்டால் கட்டிலுக்கு அடியில் வருவாளாம். இதெல்லாம் பொய் என்று எனக்குத் தெரிந்த தர்க்கமெல்லாம் பேசினேன். தலையாட்டினாள், போகவில்லை. அப்புறம் பாட்டியின் அஞ்சலட்டைக் கதையைச் சொன்னேன். யோசித்துக்கொண்டே போய்ப் படுத்தாள்.

அஞ்சு நிமிஷத்தில் என் போன் அதிர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... பதினைந்து.

"எல்லாத்தையும் உனக்கே அனுப்பிட்டேன்ப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீ யாருக்கும் அனுப்பாத. குட் நைட்."

அனுப்பவில்லை. கட்டிலுக்கு அடியில் மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுத்தேன்.