கைகுலுக்கல் மட்டும் போதாது: கருவி செய்யும் உழவருக்கு டிராக்டர் தரும் பாடம்

டிராக்டரில் கலப்பையை மாட்டும்போது மூன்று இடங்களில் பின் போடுகிறோம். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்த வேலைக்குப் பின்னால் ஒரு விவசாயி மகனின் கண்டுபிடிப்பும், நான்கு ஆண்டுகள் நடந்த ஒரு வழக்கும் இருக்கின்றன. சொந்தமாகக் கருவி செய்யும் உழவர்கள் அறிய வேண்டிய வரலாறு இது.

வயல் தின விழாக்களில் களையெடுக்கும் கருவி, கிழங்கு தோண்டும் கருவி எனப் பலவற்றை முன்னோடி விவசாயிகள் தாங்களே செய்து கொண்டுவருகிறார்கள். பாராட்டு கிடைக்கிறது. பலர் கைபேசியில் படம் எடுக்கிறார்கள். அடுத்த பட்டத்துக்குள் அதே கருவியை வேறொரு பட்டறை விற்கத் தொடங்கினாலும், செய்தவரால் கேள்வி கேட்க முடிவதில்லை. அவர் கையில் ஆவணம் எதுவும் இல்லை.

பெர்குசன் கண்ட வழி

அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884-ல் பிறந்தவர் ஹாரி பெர்குசன். முதல் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, 1917-ல் டிராக்டர் உழவை மேற்பார்வையிடும் பணி அவருக்குக் கிடைத்தது. அன்று கலப்பையை வண்டிபோல டிராக்டரின் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை கல்லில் சிக்கினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழும். ஓட்டுநர்கள் உயிரிழந்தார்கள்.

கலப்பையையும் டிராக்டரையும் ஒரே கருவியாக்கினால் என்ன என்று பெர்குசன் யோசித்தார். கலப்பைக்கு மண்ணின் இழுவிசை கூடும்போது டாப் லிங்க் முன்னோக்கி அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தை உணர்ந்து ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றுத் தூக்குகிறது. சுமை குறைந்ததும் மீண்டும் இறக்குகிறது. கலப்பையின் எடையில் ஒரு பகுதி பின்சக்கரத்துக்கு மாறுவதால் சக்கரம் வழுக்குவது குறைகிறது. டாப் லிங்க் தரும் அழுத்தம் முன்பக்கம் தூக்குவதையும் தடுக்கிறது. இன்று நாம் ‘டிராப்ட் கண்ட்ரோல்’ என்று சொல்லும் லீவரின் வேலை இதுதான். கனமான இழுவையை டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டி இழுக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே; அப்படிச் செய்தால் பழைய ஆபத்து திரும்ப வரும்.

ஆழத்தைத் தானே சீராக்கும் இந்த ஏற்பாட்டுக்கு அவர் 1925 பிப்ரவரியில் பிரிட்டனில் காப்புரிமை கோரினார். 1938-ல் அமெரிக்கா சென்று ஹென்றி ஃபோர்டிடம் இயக்கிக் காட்டினார். இருவரும் கைகுலுக்கி உடன்பட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. 1939 முதல் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் அந்த உடன்பாட்டில் தயாராயின. ஃபோர்டின் பேரன் நிர்வாகத்துக்கு வந்ததும் உறவு முறிந்தது. 1947-ல் ஃபோர்டு நிறுவனம் அதே ஏற்பாட்டுடன் தன் டிராக்டரைத் தானே விற்றது.

பெர்குசன் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அது காப்புரிமைக்கான தொகை. வணிகம் முறிந்ததால் வந்த இழப்புக்கு எதுவும் கிடைக்கவில்லை. எழுதிப் பதிந்திருந்த பகுதிக்குப் பணம் வந்தது; கைகுலுக்கலை நம்பிய பகுதிக்கு வரவில்லை.

நம் சட்டம் சொல்வது

இந்தியாவில் காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குச் செல்லும். கருவி புதிதாக இருக்க வேண்டும். துறை அறிந்த எவருக்கும் எளிதில் தோன்றாத ஒன்றாகவும் இருக்க வேண்டும். இயந்திரத்துக்குக் காப்புரிமை உண்டு. சாகுபடி முறைக்குக் கிடையாது. நடவு இடைவெளியை மாற்றியதற்குக் கேட்க முடியாது, அந்த இடைவெளியில் நடும் புதிய கருவிக்குக் கேட்கலாம். ஏற்கெனவே உள்ள இரண்டு கருவிகளை ஒரே சட்டத்தில் பொருத்தி, அவை தனித்தனியே வேலை செய்தால் அதுவும் சேராது.

குஜராத்தின் அம்ரேலி மாவட்ட விவசாயி மன்சுக்பாய் ஜகானி, மாடு வைத்துக் கட்டுப்படியாகாத நிலையில், மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பதிலாக உழவுக் கருவிகள் மாட்டும் அமைப்பைச் செய்தார். அதற்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றார். அவருக்குத் துணை நின்றது, 2000-ல் தொடங்கப்பட்டு இப்போது காந்திநகரில் இயங்கும் தேசியப் புத்தாக்க நிறுவனம்.

செய்ய வேண்டியவை

* பொதுவில் காட்டும் முன் விண்ணப்பியுங்கள். விற்பனை, செய்தித்தாள் படம், யூடியூப் காணொலி எல்லாமே புதுமையை இழக்கச் செய்யலாம். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே 12 மாதச் சலுகை உண்டு.

* கருவி முழுமை பெறவில்லை என்று காத்திருக்க வேண்டாம். தற்காலிக விண்ணப்பம் கொடுத்தால் அந்தத் தேதி உங்களுக்கு உறுதியாகும். முழு விவரங்களை 12 மாதத்துக்குள் தர வேண்டும்.

* விண்ணப்பித்ததோடு நிற்காமல், பரிசீலனைக் கோரிக்கையையும் தனியாகக் கொடுக்க வேண்டும். இல்லையெனில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். காப்புரிமை கிடைத்தபின் புதுப்பிப்புக் கட்டணத்தையும் கட்டி வர வேண்டும்.

* எந்தச் சிக்கலுக்காக, எந்த உதிரியை, ஏன் மாற்றினீர்கள் என்று தேதியிட்ட நோட்டில் வரைபடத்துடன் எழுதி வையுங்கள்.

* பட்டறைக்கு மாதிரி செய்யக் கொடுக்கும் முன், ரகசியம் காக்கவும் உரிமை யாருக்கு என்றும் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். உறவினர் பட்டறை என்றாலும் இதை விடாதீர்கள்.

தமிழகத்துக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. தனிநபருக்குக் கட்டணம் குறைவு.

எல்லாக் கருவிக்கும் காப்புரிமை தேவையில்லை. எளிய கருவியை ஊருக்கே இலவசமாகக் கொடுப்பதும் நல்ல முடிவுதான். ஆனால் அந்த முடிவைக் கருவியைச் செய்தவர் எடுக்க வேண்டும். படம் எடுத்துப் போனவர் எடுக்கக் கூடாது. விரிவாக்கப் பணியாளர்கள் ஒரு புதிய கருவியைப் பார்த்ததும் விழாவுக்கு அழைப்பதற்கு முன்னால், “விண்ணப்பம் போட்டாச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.