கல்லூரிச் சம்பளச் சலுகை: யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிப் பாசன விவசாயிகளுக்கு மே, ஜூன் மாதங்கள் கையில் பணம் தங்காத மாதங்கள். நவரை நெல் விற்ற பணம் சொர்ணவாரிக்கு உழவு, விதை, உரம் என்று போய்விடுகிறது. பிளஸ் டூ முடிவு வந்து, பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் வேலையும் அதே நேரத்தில்தான் வருகிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் வந்த பிறகு நிலத்தின் விலை ஏறியிருக்கிறது. இதனால் கல்லூரிச் சம்பளம் கட்ட அரை ஏக்கரை விற்றுவிடலாம் என்ற எண்ணம் சிலருக்கு எளிதில் வந்துவிடுகிறது. விற்ற நிலத்தைத் திரும்ப வாங்க முடியாது. அந்த முடிவுக்கு முன் அரசின் சம்பளச் சலுகைகளில் எது தம் பிள்ளைக்குப் பொருந்தும் என்று பார்ப்பது அவசியம்.

முதல் பட்டதாரி சலுகை

குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்தால், முதலில் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கற்பிப்புக் கட்டணத்தைத் தமிழக அரசே செலுத்தும் திட்டம் 2010-11ஆம் கல்வியாண்டில் தொடங்கியது. இதற்குச் சாதி வரம்பு இல்லை. வருமான வரம்பும் இல்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு.

1. தாத்தா, பாட்டி, தாய், தந்தை, உடன்பிறந்தோர் ஆகியோரில் யாரும் பட்டதாரியாக இருக்கக்கூடாது. தாத்தா, பாட்டி என்பதில் தாய்வழியும் சேரும்.

2. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டுமே இச்சலுகை உண்டு. அண்ணன் பெற்றிருந்தால் தங்கைக்குக் கிடையாது.

3. அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் இடம் பெற்றிருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் டிப்ளமோ ஆகியவை பட்டம் ஆகா. ஆகவே மூத்த மகன் ஐ.டி.ஐ. படித்துத் தொழிற்சாலையில் வேலை செய்தாலும் இளையவருக்குச் சலுகை உண்டு. அதே சமயம், வீட்டில் எவரேனும் தபால் வழியில் பட்டம் பெற்றிருந்தால் அதை மறைத்து உறுதிமொழி கொடுக்கக்கூடாது. பின்னால் தெரியவந்தால் பிள்ளையின் படிப்புக்கே இடையூறாகும்.

இச்சலுகை கற்பிப்புக் கட்டணத்துக்கு மட்டுமே. விடுதி, பஸ், புத்தகம், தேர்வு ஆகிய செலவுகளை விவசாயி தனியே கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீதம்

இது மேலும் பெரிய சலுகை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கு 2021இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்த 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இடம் பெறுவோரின் கற்பிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

நிபந்தனை ஒன்றுதான். ஆனால் கடுமையானது. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழக அரசுப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆகியவையும் இதில் சேரும். அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகள் சேரா. ஒரு விலக்கு உண்டு: கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று 8ஆம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதி உடையவர்களே.

இந்த இடத்தில்தான் பல பெற்றோர் தவறிவிடக்கூடும். பக்கத்தில் ஆங்கிலப் பள்ளி வந்தது என்று 6, 7ஆம் வகுப்பில் பிள்ளையைச் சம்பளம் கட்டி அங்கே சேர்த்து, கட்ட முடியாமல் மறுபடி அரசுப் பள்ளிக்கே கொண்டுவந்தால், இடையில் போன அந்த ஓரிரு ஆண்டுகளே பிள்ளையின் தகுதியைப் போக்கிவிடும். ஆகவே இந்தச் சலுகைக்கான முடிவு பிளஸ் டூவில் அல்ல, 6ஆம் வகுப்பிலேயே எடுக்க வேண்டிய முடிவாகும்.

கலை, அறிவியல் படிப்புகள்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் 2007-08 முதல் நீக்கப்பட்டது. இதர சிறு கட்டணங்கள் மட்டுமே கட்ட வேண்டியிருக்கும். ஸ்ரீபெரும்புதூரிலேயே 2022இல் அரசு கலை அறிவியல் கல்லூரி தொடங்கப்பட்டிருப்பதால், பஸ், விடுதிச் செலவும் மிச்சப்படும்.

சென்னைப் பல்கலைக் கழகம் தன்னுடன் இணைந்த கல்லூரிகளில் ஏழை மாணவர்களுக்கு இலவச இடம் தரும் திட்டத்தை 2010-11 முதல் நடத்தி வருகிறது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட மாணவர்களுக்கு உரியது இது. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ. 3 லட்சத்துக்கு மேற்படக் கூடாது. பெற்றோரை இழந்தவர்கள், விதவைத் தாயின் பிள்ளைகள், முதல் பட்டதாரிகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. பிளஸ் டூ முடிவு வெளியான சில நாட்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். காலம் தாழ்த்தினால் பயனில்லை.

சாதி, வருமானம் பார்த்துத் தரும் உதவிகள்

ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் ஆகியோருக்குப் பிளஸ் டூவுக்குப் பிந்தைய படிப்புக்கான கல்வி உதவித்தொகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ. 2.50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்கு மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் வருமான வரம்பு இன்றி இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. பாலிடெக்னிக், தொழிற்படிப்பு, முதுநிலைப் படிப்புகளுக்கு வருமான வரம்பு பார்க்கப்படும். ஒரே கற்பிப்புக் கட்டணத்துக்கு இரண்டு திட்டங்களில் பணம் பெற முடியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நிலம் குறைந்தவர்களுக்கு

2011 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில், உறுப்பினரின் மகன், மகளுக்குப் படிப்பைப் பொறுத்துக் கல்வி உதவித்தொகை உண்டு. இரண்டரை ஏக்கருக்கு மேற்படாத நஞ்சை அல்லது 5 ஏக்கருக்கு மேற்படாத புஞ்சை வைத்துத் தாமே பயிர் செய்பவர்களும், குத்தகைக்காரர்களும், விவசாயத் தொழிலாளர்களும் 18 முதல் 65 வயது வரை உறுப்பினராகலாம். தொகை பெரிதல்ல என்றாலும், சலுகையில் அடங்காத புத்தகச் செலவுக்கு உதவும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒன்றரை ஏக்கர் நஞ்சை உள்ள ஒரு விவசாயியின் மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்று கொள்வோம். அண்ணன் படித்தது ஐ.டி.ஐ. இந்தப் பெண் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் தகுதி உடையவர்; அதில் இடம் கிடைக்காவிட்டால் பொதுக் கலந்தாய்வில் முதல் பட்டதாரி சலுகைக்கும் தகுதி உடையவர். ஆனால் கலந்தாய்வுக்கு முன்பே, இடம் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தந்தை நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டால் இரண்டும் போய்விடும். நான்கு ஆண்டுச் சம்பளமும் அந்த ஒன்றரை ஏக்கரின் தலையில்தான் விழும்.

சான்றுகள்

முதல் பட்டதாரி சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். கிராம நிர்வாக அதிகாரி, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்குப் பின் தாலுகா அலுவலகத்தில் சான்று வழங்கப்படும். முதல் பட்டதாரி சான்றைத் தருபவர் துணைத் தாசில்தார். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும் என்பதால் அதை மிக முன்னதாக வாங்குவதும் வீண். பிள்ளையின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் தேவை.

முடிவு வந்த பின் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும். எனவே நவரை அறுவடை முடிந்த கையோடு, சொர்ணவாரி நாற்று விடுவதற்கு முன் கிடைக்கும் ஓய்வு நாட்களில் இந்தச் சான்றுகளை வாங்கி வைத்துக்கொண்டால், கல்லூரி வாசலில் கடனுக்கு அலைய வேண்டியிராது. நிலமும் கையை விட்டுப் போகாது.